நான்கு வகைக் கரண்டிலும் ஒரே எஞ்சின் ஓடுவது எப்படி?

வெள்ளவத்தை_கடற்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் தங்கச்சி குடும்பத்தைப் பார்க்க மியூனிச் போயிருந்தேன். மச்சானுக்கு லீவு கிடைத்ததால் எல்லோருமாக இத்தாலிப் பக்கம், வெரோனாவுக்கு, கோச்சியில் வெளிக்கிட்டோம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எஞ்சின் பைத்தியம். வண்டி எங்கே கொஞ்சம் கூட நேரம் நின்றாலும் இறங்கி முன்னுக்கு ஓடிப்போய்ப் பார்க்காவிட்டால் நித்திரை வராது. இன்ஸ்புரூக்கில் நின்றபோது ஓடிப்போய் ஒரு படம் எடுத்தேன். பிறகு மலை ஏறி பிரென்னரில் திரும்பவும் நின்றது. அதுதான் ஒஸ்ரியா, இத்தாலி எல்லை, கடல் மட்டத்திலிருந்து 1,371 மீற்றர். அங்கே பெட்டிக்குள் குளிரூட்டியின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிட்டது. தங்கச்சியின் மகன் "மாமா, கரண்ட் போச்சா?" என்று கேட்டான். அவனுக்கு அது பகிடி, எனக்கு 2022 கரண்ட் வெட்டு ஞாபகம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் இரைச்சல் திரும்ப வந்தது. நான் இறங்கி அங்கேயும் ஒரு படம் எடுத்தேன். எஞ்சின் மாறவில்லை, அதே சிவப்பு எஞ்சின், அதே எண். ஆனால் கொழும்புக்கு வந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்டேன், கம்பியைத் தொடுவதற்குக் கூரையிலிருந்து எழும்பி நிற்கிற அந்தக் கை, அதுதான் பான்டோகிராஃப், இன்ஸ்புரூக்கில் ஒன்று, பிரென்னரில் வேறொன்று. கூரையில் மொத்தம் நான்கு கைகள் மடங்கிக் கிடக்கின்றன.

தேடிப் பார்த்ததில் ஒஸ்ரியாவில் 15,000 வோல்ட் ஏ.சி., இத்தாலியில் 3,000 வோல்ட் டி.சி. என்று போட்டிருக்கிறது. இவ்வளவு வித்தியாசமான இரண்டு கரண்டில் ஒரே எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. உள்ளே இரண்டு எஞ்சினை ஒட்டி வைத்திருக்கிறார்களா? ஒரே கண்டத்தில் இருந்துகொண்டு ஏன் ஒரு கரண்டுக்கு எல்லோரும் மாறவில்லை? கடைசியாக, பாணந்துறையிலிருந்து வியாங்கொடை வரை மின்மயமாக்கும் கதை நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கேட்கிறேன், அது என்றைக்காவது நடந்தால் நமக்கும் இப்படி ஒரு எஞ்சின் தேவைப்படுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். நான் கணக்காளன், கரண்ட் விஷயத்தில் பல்ப் மாற்ற மட்டும்தான் தெரியும்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

நான் கேள்விப்பட்ட மட்டில் ஒவ்வொரு கரண்டுக்கும் தனித்தனி மோட்டர் செட் இருக்கும். ஒஸ்ரியாவில் ஒன்று, இத்தாலியில் மற்றது. அதனால்தான் அந்த எஞ்சின்கள் அவ்வளவு விலை.

மூன்று_பேஸ் எழுதியது:

இல்லை தம்பி, மோட்டர் ஒரே செட்தான். நான்கு அச்சு, நான்கு மோட்டர், எந்த நாட்டிலும் அதேதான் சுற்றும். நான் கட்டடங்களுக்கு மின் வேலை செய்கிறவள், கோச்சிக்காரி இல்லை, ஆனால் இன்வேர்ட்டரோடுதான் என் பிழைப்பு என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் லப்டொப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட், 50 அல்லது 60 ஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கும். நீங்கள் கொழும்பில் குத்தினாலும் கனடாவில் குத்தினாலும் அது கவலைப்படாது, ஏனென்றால் வருவது எதுவாக இருந்தாலும் முதல் வேலையாக அதை டி.சி. ஆக்கிவிட்டு, அங்கிருந்து தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொள்கிறது. இந்த எஞ்சினும் அப்படித்தான். நடுவில் ஒரு டி.சி. பகுதி இருக்கிறது. கம்பியில் ஏ.சி. வந்தால், ட்ரான்ஸ்போமரில் வோல்டேஜைக் குறைத்து, கொன்வேர்ட்டரால் டி.சி. ஆக்கி அந்த நடுப்பகுதிக்கு அனுப்பும். கம்பியில் டி.சி. வந்தால் ட்ரான்ஸ்போமர் வேலை தேவையில்லை, நேரே நடுப்பகுதிக்குப் போகும். அந்த நடுப்பகுதிக்கு இந்தப் பக்கம் இருக்கிற இன்வேர்ட்டரும் மோட்டரும் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அறியவே மாட்டா. இன்வேர்ட்டர் அந்த டி.சி.யை வெட்டி வெட்டி மூன்று பேஸ் ஏ.சி. ஆக்கி, வேகத்துக்கு ஏற்ற பிரீக்குவென்சியில் மோட்டருக்குக் கொடுக்கும்.

கேட்க லேசாக இருக்கும், ஆனால் 3,000 வோல்ட் டி.சி.யை நேரே தாங்குகிற அளவுக்குப் பெரிய ட்ரான்சிஸ்டர், அதாவது 6.5 கிலோவோல்ட் ஐ.ஜி.பி.டி., சந்தைக்கு வந்த பிறகுதான் இது இவ்வளவு சுத்தமான வடிவமைப்பாகியது. அதற்கு முன்பும் பல கரண்ட் எஞ்சின்கள் இருந்தன. 1964இல் பிரான்ஸ் சிசி 40100 என்று ஒன்றை விட்டது, பாரிஸ் பிரசெல்ஸ் ஓட்டத்துக்கு, ஐரோப்பாவின் நான்கு கரண்டையும், அதாவது 25, 15 கிலோவோல்ட் ஏ.சி.யையும் 3, 1.5 கிலோவோல்ட் டி.சி.யையும், தாங்கும். ஆனால் மொத்தம் 10தான் செய்தார்கள். அந்தக் காலத்து ஸ்விட்சுகளாலும் ரெசிஸ்டர்களாலும் அப்படி ஒன்றைக் கட்டி ஓட்டுவது பெரிய தலையிடி.

உண்மையில் கஷ்டமெல்லாம் மோட்டரில் இல்லை, வாசலில்தான். நம் வீடுகளில் பழைய 5 அம்பியர் உருண்டைப் பின்னும் புது 13 அம்பியர் சதுரப் பின்னும் இரண்டும் கிடந்து அடப்டர் தேடி அலைகிறோமே, அதே பிரச்சினைதான் அந்தக் கூரையில் கிடக்கிற நான்கு கைகளும். ஒஸ்ரியாவிலும் ஜேர்மனியிலும் கையின் தலை 1,950 மில்லிமீற்றர் அகலம். இத்தாலியிலும் சுவிஸிலும் 1,450. அகலமானதை ஒடுக்கமான இடத்துக்குக் கொண்டுபோனால் சுரங்கச் சுவரிலோ கம்பத்திலோ தட்டலாம். தலையில் கம்பியோடு உரசுகிற கரித்துண்டும் டி.சி.க்கு வேறு மாதிரி வேண்டும், ஏனென்றால் கரண்டின் அளவு பல மடங்கு கூட.

கணக்காளர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். வெக்ட்ரோன் என்று சீமென்ஸ் 2010இல் காட்டிய எஞ்சினை எடுத்தால், ஏ.சி.யில் 6.4 மெகாவாட். 25 கிலோவோல்ட் கம்பியில் அதற்கு ஏறத்தாழ 256 அம்பியர் போதும். 15 கிலோவோல்டில் 427. 3 கிலோவோல்ட் டி.சி.யில் 6 மெகாவாட் எடுக்க 2,000 அம்பியர் வேண்டும். 1.5 கிலோவோல்டில், அதுதான் நெதர்லாந்தும் பிரான்சின் தெற்குப் பாதியும், 3.5 மெகாவாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் அதற்கே 2,300 அம்பியரைத் தாண்டுகிறது. இவ்வளவும் விரலளவு தடிப்பான ஒரு கம்பி கரித்துண்டைத் தொடுகிற இடம் வழியாகப் போகிறது. ஓடும்போது பிரச்சினையில்லை, தொடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நின்றபடி அதிகம் இழுத்தால் கம்பி ஒரே இடத்தில் சூடேறி இளகிவிடும். அதனால் டி.சி. பாதையில் நிற்கும்போது எவ்வளவு எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

கரண்டை வெட்டிவிடுகிற ஸ்விட்ச், அதுதான் பிரேக்கர், அதுவும் இரண்டு வகை வேண்டும். ஏ.சி. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை பூச்சியத்தைத் தொடும், அந்த நேரம் பார்த்து பொறி தானாக அணைந்துவிடும். டி.சி.க்குப் பூச்சியம் என்பதே கிடையாது, பொறி பிடித்தால் பிடித்ததுதான். அதை இழுத்து நீட்டி, குளிரவைத்து, துண்டு துண்டாக்கி அணைக்க வேறு பெட்டி வேண்டும்.

உங்கள் குளிரூட்டி ஏன் நின்றது என்பதற்கும் பதில் இதுதான். இரண்டு கரண்டுக்கும் நடுவில் உயிரில்லாத இடம் ஒன்று வேண்டும். பிரேக்கரைத் திறந்து, கையை இறக்கி, அந்த இடத்தைத் தாண்டி, மற்றக் கையைத் தூக்கினால், எஞ்சின் முதலில் கம்பியில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்கும். டிரைவர் தெரிவு செய்ததும் கம்பியில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் பிரேக்கர் மூடும். இல்லாவிட்டால் அசையாது. டி.சி.யை நேரே ட்ரான்ஸ்போமருக்குள் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் சைட்டில் ஒரு பையன் சின்ன அளவில் செய்து காட்டியிருக்கிறான், மணம் இரண்டு நாள் போகவில்லை.

பழைய_ஷெட் எழுதியது:

தங்கச்சி நல்லாக எழுதியிருக்கிறா. நான் எஞ்சின் ஷெட் ஒன்றில் 30 வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒன்று சொல்கிறேன், இங்கே நாம் டீசல் எஞ்சின் என்று சொல்கிற எம்2வும் எம்4உம்கூட உண்மையில் கரண்ட் எஞ்சின்தான். டீசல் சுற்றுவது ஜெனரேட்டரை, சில்லைச் சுற்றுவது மோட்டர். பவர்ஹவுஸைத் தன்னோடேயே தூக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எம்4 ஒன்றின் பலம் 1,750 குதிரை. தங்கச்சி சொன்ன 6.4 மெகாவாட்டைக் குதிரையில் போட்டால் 8,500க்கு மேல் வருகிறது. கிட்டத்தட்ட ஐந்து எம்4ஐக் கோர்த்து விட்ட மாதிரி. அதுவும் 90 தொன்னுக்குள்.

அந்த மோட்டர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய டி.சி. மோட்டரில் கொமியூட்டேட்டர் என்று ஒரு செப்பு உருளை, அதில் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். மூடியைத் திறந்தால் கறுப்புத் தூள் மூக்குக்குள் போகும், இரவு வீட்டில் கைலேஞ்சியில் மூக்குச் சிந்தினால் கறுப்பாக வரும். பிரஷ் தேய்ந்ததா, ஸ்பிரிங் இறுகியிருக்கிறதா, செப்பில் வரி விழுந்திருக்கிறதா என்று குனிந்து டோர்ச் அடித்துப் பார்ப்பதே எங்களுக்குப் பாதி வாழ்க்கை. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி பொறி சுற்றிப் பிடித்தால், பிளாஷ்ஓவர் என்போம், செப்பு உருகி மணி மணியாக நிற்கும். இப்போதைய மூன்று பேஸ் மோட்டரில் பிரஷ்ஷே கிடையாது என்று கேட்டபோது எனக்கு முதலில் சந்தோஷம், பிறகு எங்கள் தொழில் போய்விட்டதே என்று கொஞ்சம் கவலை.

தங்கச்சியிடம் ஒரு கேள்வி. 50 ஹேர்ட்ஸ் எல்லா இடமும் இருக்க, ஜேர்மன்காரன் ஏன் 16.7 என்ற விசித்திரமான கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்?

மூன்று_பேஸ் எழுதியது:

அண்ணை, பதில் உங்கள் மூக்குக்குள் போன அந்தக் கறுப்புத் தூளில்தான் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு அவர்களிடமும் பிரஷ் வைத்த மோட்டர்தான் இருந்தது, ஆனால் அதை ஏ.சி.யில் ஓட்ட வேண்டியிருந்தது. அப்படி ஓட்டினால் பிரஷ்ஷுக்குக் கீழே வருகிற சுற்றில் ஒரு வோல்டேஜ் தூண்டப்பட்டு பொறி பறக்கும், அந்த வோல்டேஜ் பிரீக்குவென்சியோடு சேர்ந்து ஏறும். 50இல் தாங்காது. அதனால் 50ஐ மூன்றால் பிரித்து 16⅔ ஆக்கினார்கள். 50 ஹேர்ட்ஸ் மோட்டர் ஒன்றைக் கொண்டு அதைவிட மூன்றிலொரு பங்கு காந்தத் துருவங்களே உள்ள ஜெனரேட்டரைச் சுற்றினால் அந்தக் கணக்கு சரியாக வரும். பிறகுதான் 16.7 என்று ஆக்கினார்கள். பிரஷ் போய்விட்டது, பிரீக்குவென்சி மட்டும் நிற்கிறது. ஜேர்மனி, ஒஸ்ரியா, சுவிஸ், நோர்வே, சுவீடன் ஐந்தும் அதில்தான். அதற்கென்று தனி மின் நிலையம், தனிக் கம்பி என்று பெரிய வலையமைப்பே இருக்கிறது, அதை யார் பிடுங்கி எறிவது?

அதனால் எஞ்சினுக்கு ஒரு தண்டனை உண்டு. பிரீக்குவென்சி குறையக் குறைய ட்ரான்ஸ்போமரின் இரும்பு கூட வேண்டும். 15ஐ 16.7ஆல் பிரித்தால் 0.9, 25ஐ 50ஆல் பிரித்தால் 0.5. அதாவது அந்த எஞ்சின் 25 கிலோவோல்ட் நாட்டுக்குள் போகும்போது தேவைக்கு மிஞ்சிய இரும்பைச் சும்மா சுமந்துகொண்டு ஓடுகிறது. டி.சி. நாட்டில் இன்னும் பகிடி, அவ்வளவு பெரிய ட்ரான்ஸ்போமருக்கு வேலையே இல்லை. அதனால் சில வடிவமைப்புகளில் அதன் சுற்றுகளையே டி.சி. பக்கத்துக்கு வடிகட்டிச் சுருளாகப் பாவிக்கிறார்கள். நம் அம்மாமார் ஐஸ்கிரீம் டப்பாவில் கறிவேப்பிலை வைக்கிற புத்திதான்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

சரி, நான் சொன்னது பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டோரஸ் என்று ஒரு ஒஸ்ரியா எஞ்சின் புறப்படும்போது ஸ்வரம் பாடுமாமே, வீடியோவில் கேட்டேன், சரிகமபதநி மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. அது உண்மையா, யாராவது ஒட்டினதா?

பேர்ண்_பெடியன் எழுதியது:

உண்மைதான். இன்வேர்ட்டர் வெட்டுகிற பிரீக்குவென்சி படி படியாக ஏறுகிற சத்தம் அது. 1016, 1116 வகைகளில் ஜி.டி.ஓ. என்ற பழைய மின்னணு ஸ்விட்ச், தைரிஸ்டர் ரகம், இருந்ததால் அப்படி. அதன் தம்பி 1216, அதுதான் பல கரண்ட் ரகம், பாடாது, அதில் ஐ.ஜி.பி.டி. ஆனால் தம்பி ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை. 2006 செப்டம்பர் 2ஆம் திகதி ஜேர்மனியில் இங்கோல்ஸ்ராட்டுக்கும் நூரன்பேர்க்குக்கும் இடையில் 1216 050 மணிக்கு 357 கிலோமீற்றர் ஓடிக் காட்டியது. 1955இல் பிரான்ஸ்காரர் வைத்த 331ஐ 51 வருடத்துக்குப் பிறகு உடைத்தது. அந்த 1955 ஓட்டத்தில் ஒரு எஞ்சினின் பான்டோகிராஃப் உருகியே போனதாம்.

நான் இங்கே சுவிஸில் சரக்குக் கோச்சி ஓட்டுகிற கம்பனி ஒன்றில் இருக்கிறேன், வளர்ந்தது கொழும்பு 13. மேலே அக்கா கரண்டைப் பற்றி எழுதிவிட்டா. ஆனால் இந்த எஞ்சினைச் செய்வதில் பாதிக் காலம் போவது கரண்டில் இல்லை, சிக்னலில்.

எங்கள் சரக்கு ரொட்டர்டாமிலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை போகிற பாதையில் ஓடுகிறது. நெதர்லாந்தில் 1.5 கிலோவோல்ட் டி.சி., அங்கேயே சரக்குக்கென்று கட்டிய பேத்துவே பாதையில் 25 கிலோவோல்ட் ஏ.சி., ஜேர்மனியிலும் சுவிஸிலும் 15, இத்தாலியில் 3. நான்கும் ஒரே பாதையில். முன்பெல்லாம் எல்லையில் எஞ்சினைக் கழற்றி, மற்றதைக் கோர்த்து, பிரேக் சோதித்து, அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலம் போய்விடும். இப்போது எஞ்சின் நேரே போகிறது. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டினால் தானாக நிறுத்துகிற கருவி வேறு வேறு. ஜேர்மனியில் பி.இசட்.பி., நெதர்லாந்தில் ஏ.டி.பி., இத்தாலியில் எஸ்.சி.எம்.டி. எல்லோருக்கும் பொதுவாக ஈ.டி.சி.எஸ். என்று ஒன்றைக் கொண்டு வருகிறார்கள், கொத்தார்ட் அடிச் சுரங்கம் 57 கிலோமீற்றரும் அதில்தான், ஆனால் அது எல்லா இடமும் முழுதாக வரும்வரைக்கும் பழையதையும் காவ வேண்டும். எஞ்சினுக்கு அடியில் அன்டெனாக்கள் ஒட்டுண்ணி மாதிரித் தொங்கும்.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் பயங்கரம். மோட்டருக்குப் போன கரண்ட் தண்டவாளம் வழியாகத்தான் திரும்புகிறது. அதே தண்டவாளத்தில்தான் "இங்கே வண்டி நிற்கிறது" என்று கண்டுபிடிக்கிற சிக்னல் கரண்டும் ஓடுகிறது, நெதர்லாந்தில் 75 ஹேர்ட்ஸில், இத்தாலியில் 50 ஹேர்ட்ஸில். இன்வேர்ட்டர் வெட்டும்போது அந்த அளவில் ஒரு கசிவு தண்டவாளத்தில் ஏறினால், வண்டி நிற்கிற இடத்தை சிக்னல் வெறுமை என்று நினைத்துவிடலாம். அதனால் எஞ்சின் தன் கசிவைத் தானே அளந்துகொண்டு, எல்லை மீறினால் பிரேக்கரைத் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்த்து, பேப்பர் பேப்பராகக் கேட்டுத்தான் அனுமதி கொடுக்கும். ஜேர்மனியில் வில்டன்ராத் என்ற இடத்தில் பழைய பிரித்தானிய விமானத்தளம் ஒன்றைச் சோதனைப் பாதையாக்கி, வேறு வேறு கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். வெக்ட்ரோனை முதலில் காட்டியதும் அங்கேதான்.

பகிடி என்னவென்றால் எஞ்சின் எல்லை தாண்டும், டிரைவர் பெரும்பாலும் தாண்டமாட்டார். அந்த நாட்டு மொழியில் பி1 அளவுக்குக் கதைக்கத் தெரிய வேண்டும், அந்தப் பாதையும் தெரிந்திருக்க வேண்டும். நான் இத்தாலியன் வகுப்புக்குப் போய் இரண்டு தடவை பெயில். கொழும்பில் பிறந்தவனுக்கு மூன்று மொழி பெரிய விஷயமா என்று அம்மா கேட்கிறா, அவவுக்கு இங்கே ஏற்கனவே ஜேர்மன் படித்த களைப்பு தெரியாது.

ஆ, மறந்துவிட்டேன். கை இறக்குகிற இடத்தில் ஜேர்மன் பாதையோரம் ஒரு நீலப் பலகை இருக்கும், சதுரத்தை மூலையில் நிறுத்திய மாதிரி. அதில் வெள்ளைக் கோடு படுத்திருந்தால் கையை இறக்கு, நிமிர்ந்து நின்றால் தூக்கு. கோடு படுத்தால் கையும் படுக்க வேண்டும், கோடு எழும்பினால் கையும் எழும்ப வேண்டும். முதல் நாளே மனதில் பதிந்துவிட்டது.

தெஹிவளை_டவுன் எழுதியது:

எல்லாம் நல்ல கதை. ஆனால் 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் மெழுகுதிரியில் சாப்பிட்ட ஊர் இது. கோச்சியையும் கரண்டில் கட்டிவிட்டால் நடுப் பாதையில் நின்று என்ன செய்வது? டீசலே போதும்.

மூன்று_பேஸ் எழுதியது:

அந்த வருடம் டீசல் எங்கே இருந்தது? நான் மூன்று இரவு வரிசையில் காருக்குள் படுத்தேன்.

பழைய_ஷெட் எழுதியது:

கரண்டுக்குக் காசு கொடுப்பதைவிட, திரும்ப எடுக்கிற விஷயத்தை யோசியுங்கள். கண்டியிலிருந்து கடுகண்ணாவை தாண்டி ரம்புக்கனைக்கு இறங்குகிற வண்டியை நிறுத்திப் பிடிக்க எவ்வளவு பிரேக் கட்டை தேய்ந்து சூடாகிறது என்று எனக்குத் தெரியும், ரம்புக்கனையில் சில்லுக்குக் கிட்டப் போனால் முகத்தில் அடிக்கும். கரண்ட் எஞ்சினில் இறக்கத்தில் மோட்டரே ஜெனரேட்டராகி கம்பிக்குக் கரண்ட் திருப்பிக் கொடுக்குமாமே, சரிதானே தங்கச்சி?

மூன்று_பேஸ் எழுதியது:

சரிதான் அண்ணை. அதிலும் ஏ.சி. டி.சி. வித்தியாசம் இருக்கிறது. ஏ.சி. கம்பியில் திருப்பிக் கொடுத்தால் மின்வலையமைப்பு வாங்கிக்கொள்ளும். சாதாரண டி.சி. பாதையில் உப மின்நிலையம் ஒருவழிக் கதவு மாதிரி, திரும்ப வாங்காது. பக்கத்தில் ஏறுகிற வண்டி ஒன்று இருந்தால்தான் அது எடுக்கும், இல்லாவிட்டால் கூரை ரெசிஸ்டரில் சூடாக்கி வீணாக்க வேண்டும்.

அதனால் கேட்டவரின் கடைசிக் கேள்விக்கு என் பதில், நமக்கு நான்கு கரண்ட் எஞ்சின் தேவையில்லை. நமக்கு எல்லை கடல்தான். வெறும் நிலத்தில் தொடங்குகிறவனுக்கு ஒரே தெரிவு, 25 கிலோவோல்ட் 50 ஹேர்ட்ஸ், வலையமைப்பில் இருக்கிற அதே பிரீக்குவென்சி. இந்தியாவைப் பாருங்கள். பம்பாயில் 1925இலும் மதராஸில் 1931இலும் அன்றைக்குக் கிடைத்த 1.5 கிலோவோல்ட் டி.சி.யில் தொடங்கினார்கள். மதராஸ் 1960களில் மாறிவிட்டது. பம்பாய் மாறி முடிக்க 2016 ஆகிவிட்டது, அதுவரைக்கும் இரண்டு கரண்டிலும் ஓட டபிள்யூ.சி.ஏ.எம். என்று தனி எஞ்சின் வைத்திருந்தார்கள். பெயரிலேயே இருக்கிறது, சி என்றால் டி.சி., ஏ என்றால் ஏ.சி. முந்திக்கொண்டவன் கட்டுகிற அபராதம் அது. பிந்தி வருகிற நமக்கு அது இல்லை.

ஆனால் வேறொரு எல்லை நமக்கு உண்டு, கம்பி முடிகிற இடம். பாணந்துறை முதல் வியாங்கொடை வரை மட்டும் கம்பி போட்டால், மாத்தறை வண்டியும் கண்டி வண்டியும் என்ன செய்யும்? கம்பிக்குக் கீழேயே டீசலில் போகலாம், அல்லது எஞ்சின் மாற்றலாம், அல்லது கம்பி உள்ள இடத்தில் கரண்டும் இல்லாத இடத்தில் டீசலும் என்று இரண்டு வயிற்றோடு ஒரு எஞ்சின் வாங்கலாம். வெக்ட்ரோனிலேயே அப்படி ஒரு ரகம் 2018இல் வந்தது. களனிவெளிப் பாதை சின்ன தண்டவாளத்தில் இருந்த காலத்தில் மருதானையில் இறங்கி ஏறினோம் என்று அப்பா சொல்வார், அகலப்படுத்தியது 1990களில்தான். அந்த இறங்கி ஏறுகிற வேலையைக் கம்பியின் பேரில் திரும்பக் கொண்டுவரக் கூடாது. என் விருப்பம், நகர்ப் பகுதிக்குத் தனி எஞ்சின் இல்லாமல் பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டர் வைத்த மின்தொடர் வண்டி, தூர வண்டிக்கு இப்போதைக்கு டீசல்.

பழைய_ஷெட் எழுதியது:

கரையோரத்தை மறந்துவிட்டீர்கள். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை தாண்டி கடலுக்கும் கோச்சிக்கும் நடுவில் கல்லு மட்டும்தான். தென்மேல் பருவக்காற்று வீசும்போது பெட்டி ஜன்னலில் உப்புப் படிந்து வெள்ளையாகிவிடும். 25 கிலோவோல்ட் கம்பியைத் தாங்குகிற பீங்கானில் அந்த உப்பு ஏறி ஈரமானால் அதன் மேலால் கரண்ட் பாயும். பீங்கானை நீளமாகப் போட வேண்டும், அடிக்கடி கழுவ வேண்டும். பிறகு படியில் தொங்கிக்கொண்டு, கூரையிலும் ஏறுகிற எங்கள் பெடியன்மார். 25 கிலோவோல்ட் தொடத் தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும். இதைச் சொல்லாமல் திட்டம் பேசக் கூடாது.

வெள்ளவத்தை_கடற்கரை எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. வாசித்து முடிக்கத் தேத்தண்ணி இரண்டு தரம் ஆறிவிட்டது. அண்ணை சொன்ன உப்பு என் வீட்டு ஜன்னல் கிரில்லிலும் இருக்கிறது, வருடத்துக்கு ஒருக்கா பெயின்ட்.

அக்கா 1,950, 1,450 என்று எழுதியதைப் பார்த்ததும் படங்கள் இரண்டையும் கணினியில் போட்டு, எஞ்சினின் அகலம் இரண்டிலும் ஒரே அளவாக வரும்படி பெருப்பித்து, மகளின் அடிமட்டத்தைத் திரையில் வைத்து அளந்தேன். இன்ஸ்புரூக் படத்தில் கையின் தலை 4 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. பிரென்னர் படத்தில் 3ஐ ஒட்டி. மனுசி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டா, சொன்னேன், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டா.

பேர்ண் தம்பி, எஞ்சின் 1216ஆ வெக்ட்ரோனா என்று படத்தைப் பார்த்தால் சொல்வீர்களா? அங்கே பார்த்த எண் இப்போது ஞாபகமில்லை, படத்தில் வெயில் பட்டு மங்கலாக விழுந்திருக்கிறது. இரவைக்கு ஏற்றிவிடுகிறேன்.

பேர்ண்_பெடியன் எழுதியது:

ஏற்றுங்கோ அண்ணா. முகம் உருண்டு வளைந்திருந்தால் டோரஸ், தட்டையாக வெட்டினது போல இருந்தால் வெக்ட்ரோன். எண் தேவையில்லை.